என் கைக்கு மட்டும் தெரிந்த குழாய்

எங்கள் கட்டுத்தரைக்குத் தென்புறம், வேப்பமர நிழலில் ஒரு இரும்பு ஸ்டாண்ட் நிற்கிறது. அதன்மேல் இரண்டு நீல டிரம், ஒவ்வொன்றும் 200 லிட்டர். பக்கத்தில் தரையில் பாதியாக அறுத்த இன்னொரு டிரம். அதையெல்லாம் இணைத்து ஓஸ், வால்வு, குழாய். தோட்டத்துக்கு யார் வந்தாலும் மாட்டைப் பார்த்து, வாழையைப் பார்த்து, கடைசியில் இதன் முன்னால் வந்து நின்று, "இது என்னங்க?" என்பார்கள். கோயமுத்தூரிலிருந்து வந்த நண்பரின் பையன் ஒருத்தன், "சாராயம் காய்ச்சுறீங்களா அங்கிள்?" என்றே கேட்டுவிட்டான்.

சாராயம் இல்லைங்க, ஜீவாமிர்தம். ஆனாலும் பையன் கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. இதுவும் புளிக்க வைக்கிற சமாச்சாரம்தான். டிரம்மிலிருந்து செடிக்குப் போய்ச் சேருவதற்குள் அது படுத்துகிற பாடும் கொஞ்சநஞ்சமில்லை. அந்தக் குழாய்க் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அதில் நான் தலைகுனிந்த இடமும் ஒன்று இருக்கிறது.

முதலில் ஜீவாமிர்தம் என்னவென்று தெரியாதவர்களுக்கு. சுபாஷ் பாலேக்கர் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக் கொடுத்த கணக்கு இது. 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ நாட்டுமாட்டுச் சாணி, 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண். எல்லாவற்றையும் டிரம்மில் கரைத்து, சாக்குப் போட்டு மூடி, நிழலில் வைக்க வேண்டும். காலையும் மாலையும் குச்சியால் வலப்பக்கமாகக் கலக்கிவிட வேண்டும். 48 மணி நேரத்தில் தயார். ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 200 லிட்டர். வெல்லமும் மாவும் நுண்ணுயிருக்குத் தீனி. நாம் மண்ணுக்கு விடுவது உரத்தை அல்ல, அந்த உயிர்களைத்தான் என்பது அவர் சொல்கிற தத்துவம்.

தயாரிப்பது சுலபம். ஊற்றுவதுதான் கஷ்டம். எங்களுக்கு ஒரு ஏக்கர் வாழை. 6 அடிக்கு 6 அடி நடவு, ஆயிரத்து இருநூறு மரம். ஜீவாமிர்தத்தைத் தண்ணீரோடு கலந்து மரத்துக்கு ஒரு சொம்பு ஊற்றினால் 60 வாளிக்குக் குறையாது. மாசம் இரண்டு தடவை. நான் டிரம்மில் மொண்டு கொடுப்பேன், எங்க வீட்டம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுவார். நாலு வருஷம் இப்படியே போச்சு. ஒருநாள் காலையில் தலை சீவக் கையைத் தூக்கியவர், அப்படியே இறக்கிவிட்டார். வலது தோள்பட்டை. டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, "பாரம் தூக்கவே கூடாது" என்றார். வாளி தூக்காமல் எங்கே பண்ணையம் பண்ணுவது?

அப்போதுதான் சொட்டுநீர்க் குழாய் வழியாகவே ஜீவாமிர்தத்தை விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன். இப்படித்தான் முதல் ஸ்டாண்ட் பிறந்தது.

அந்த ஸ்டாண்டைப் பற்றி எனக்கு அவ்வளவு பெருமை. 4 அடி உயரத்துக்கு ஆங்கிள் வெல்டிங். மேலே மூன்று டிரம் வரிசையாக. டிரம்முக்கு அடியிலேயே துளை போட்டு டேங்க் நிப்பிள், அதிலிருந்து எல்போ, டீ, மறுபடி எல்போ, எல்லாம் ஒரு இஞ்ச் பிவிசி. சொல்யூஷன் போட்டு ஒட்டி, ஒரு சொட்டு ஒழுகாமல் முடித்தேன். மொத்தம் ஆறு வால்வு. தூரத்திலிருந்து பார்த்தால் ரெயில்வே ஸ்டேஷன் மேப் மாதிரி இருக்கும். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்ஜினியர் தோத்தான் போ" என்றார். அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, சந்தோஷத்தில்.

இந்த இடத்தில் வெஞ்சுரி என்கிற சாமானைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இரண்டு பக்கமும் அகலமாக, நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கிய ஒரு பிளாஸ்டிக் குழாய் அது. தண்ணீர் அந்த ஒடுக்கமான இடத்தில் வேகமெடுக்கும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்த இடத்தில் சின்ன மூக்கு ஒன்று இருக்கும். அதில் ஓஸை மாட்டி மறுமுனையை டிரம்மில் விட்டால், டிரம்மில் இருப்பதை அது உறிஞ்சித் தண்ணீரோடு சேர்த்து அனுப்பிவிடும். கரண்டும் தேவையில்லை, தனி மோட்டாரும் தேவையில்லை. ஆனால் சும்மா உறிஞ்சாது. மெயின் குழாயில் இருக்கிற கேட் வால்வைக் கொஞ்சம் மூடி, தண்ணீரை வெஞ்சுரி வழியாகப் போகச் சொல்லிக் கட்டாயப்படுத்த வேண்டும். எவ்வளவு மூடுவது என்பதில்தான் சூட்சுமம். போதுமான அளவு மூடாவிட்டால் உறிஞ்சாது என்பது மட்டுமல்ல, மெயின் தண்ணீரே அந்த மூக்கு வழியாகத் திரும்பி டிரம்முக்குள் ஏற ஆரம்பித்துவிடும்.

எனக்கு அந்த அளவு கைக்குத் தெரியும். மூன்றே கால் சுற்று. மோட்டார் அறைச் சுவர்மேல் ஏறி இறங்கும் ஓஸில் காற்று அடைத்துக்கொள்ளும், அப்போது எந்த இடத்தில் கட்டையால் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும் என்று தெரியும். மோட்டாரை நிறுத்துவதற்கு முன்னால் எந்த வால்வை மூட வேண்டும் என்று தெரியும். ஃபில்டர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அடைத்துக்கொண்டு உயிரை எடுத்ததால், வெஞ்சுரியை ஃபில்டருக்கு அடுத்த பக்கம் மாற்றி வைத்துக்கொண்டேன். அதாவது ஜீவாமிர்தம் ஃபில்டருக்குள்ளேயே போகாது. துணியில் நான் நன்றாக வடிகட்டிவிடுவேனே, அப்புறம் என்ன? ஆறு மாசம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

போன சித்திரையில் அம்மா வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கோயமுத்தூரில் ஆபரேஷன். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் நான் கூடவே இருக்க வேண்டியதாயிற்று. வீட்டில் வீட்டம்மா ஒருத்தர்தான். இரண்டு காங்கேயம் மாடு, ஒரு கன்று, ஐந்து மாச வாழை.

இரண்டாம் நாள் போன் வந்தது.

"ஏனுங்க, மருந்து உறிஞ்ச மாட்டேங்குதுங்க."

"மேல இருக்கிற வால்வைத் திருகு."

"எந்த மேலங்க?"

"அதான், செவப்புக் கைப்புடி."

"எல்லாமே செவப்புத்தானுங்க."

உண்மைதான். ஆறும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியது. "அது இல்ல, கேட் வால்வு, ரவுண்டா இருக்கும் பாரு, அதக் கொஞ்சம் திருகு" என்றேன். எந்தப் பக்கம் என்று நான் சொல்லவில்லை. அவர் திறக்கிற பக்கம் திருகிவிட்டார். மெயின் தண்ணீர் ஓஸ் வழியாகத் திரும்பி டிரம்முக்குள் ஏறி, நிரம்பி, 200 லிட்டர் ஜீவாமிர்தமும் கட்டுத்தரை பூராவும் ஓடியது. மறுபடி போன். அப்போது அம்மாவை வார்டுக்குள் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். நான் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல், "ஒரு வால்வு திருகத் தெரியாதா உனக்கு?" என்று கத்திவிட்டேன். அந்தப் பக்கம் ஒன்றும் பேசவில்லை. போனை வைத்துவிட்டார்.

படுக்கையில் இருந்த அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னது: "அவளை ஏன்டா வையற? நீ போட்ட குழாய் உன் கைக்கு மட்டுந்தான்டா தெரியும்."

அப்போது அந்தப் பேச்சு எனக்கு உறைக்கவில்லை. வயசானவர்கள் மருமகளுக்குப் பரிந்து பேசுவது அபூர்வம், மயக்க மருந்து இன்னும் தெளியவில்லை போல என்றுதான் நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் ஊருக்கு வந்தேன். கட்டுத்தரையில் எப்போதும் இருக்கிற இடத்தில் வாளியைக் காணவில்லை. தேடிக்கொண்டு வாழைக்குள் போனேன். 34 வரிசையில் கீழ்க்கோடி 11 வரிசை, இலை மடங்கி, ஓரம் கருகி நின்றது. மேல் வரிசையெல்லாம் பச்சை. அந்தப் பதினொரு வரிசைக்கும் ஒவ்வொரு மரத்தடியிலும் ஈரம் வட்டமாக இருந்தது. சொட்டுக் குழாய் நனைத்த ஈரம் அப்படி இருக்காது. வாளி அங்கேதான் கிடந்தது.

தூக்கக்கூடாத தோளில் மூன்று நாளாகத் தண்ணீர் தூக்கி ஊற்றியிருக்கிறார். முந்நூற்றி எண்பது மரத்துக்கு. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சொன்னா அங்கிருந்து கத்துவீங்க, அத்தைக்குத் தூக்கம் கெடும்" என்றார். அவ்வளவுதான். மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார்.

என்ன நடந்திருக்கிறது என்று பிறகு உட்கார்ந்து பார்த்தேன். மறுநாள் இன்னொரு டிரம்மை விட்டிருக்கிறார். பாதியில் கரண்டு போய்விட்டது. தண்ணீர் நின்றதும், 4 அடி உயரத்தில் இருக்கிற டிரம் சும்மா இருக்குமா? அடியில் படிந்திருந்த சாணிச் சக்கையோடு மொத்தமும் தானாக இறங்கி லைனுக்குள் போய்விட்டது. ஃபில்டருக்கு அடுத்த பக்கம்தானே வெஞ்சுரி, தடுக்க ஆள் இல்லை. பள்ளம் கீழ்க்கோடிப் பக்கம், அதனால் அங்கே போய்ச் சேர்ந்தது. இரண்டு நாள் கரண்டு சரியாக வராமல், சித்திரை வெயிலில் கறுப்புக் குழாய்க்குள் அது வெந்து வழுவழுவென்று பிசின் மாதிரி ஆகிவிட்டது. எங்களுடையது 60 சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டுவான் வைத்த இன்லைன் குழாய். ஏக்கருக்கு மூவாயிரத்து எழுநூறு ஓட்டை வரும். அதில் மூன்றில் ஒரு பங்கு அடைத்துக்கொண்டது. இன்லைன் என்பதால் கழற்றிக் கழுவவும் வழியில்லை. ஒவ்வொரு வரிசையாகக் கடைமுனையைத் திறந்து, முழு பிரஷரில் தண்ணீர் விட்டு, கையால் தட்டித் தட்டி ஐந்து வரிசையை மீட்டோம். ஆறு வரிசைக்குப் புதுக் குழாய் வாங்கினோம்.

இதையெல்லாம் செய்துவிட்டு ஸ்டாண்டின் முன்னால் போய் நின்றேன். முதல் தடவையாக அதை வீட்டம்மாவின் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லலாம். 4 அடி ஸ்டாண்ட், அதன்மேல் 3 அடி டிரம். விளிம்பு 7 அடியில் இருக்கிறது. கலக்குவதற்கு அவர் ஸ்டூல் போட்டு ஏறி, கையைத் தலைக்கு மேலே தூக்கித்தான் குச்சியைப் பிடித்திருக்க வேண்டும். தலை சீவத் தூக்க முடியாத கை அது. யாருடைய தோளைக் காப்பாற்றுவதற்காக ஸ்டாண்ட் கட்டினேனோ அந்தத் தோளுக்கு எட்டாத உயரத்தில் கட்டியிருக்கிறேன். எல்லா வால்வும் என் மார்பு உயரத்தில். குழாய் போன பாதை, என் நடைக்குத் தோதான பாதை.

4 அடி உயரம் ஏன் வைத்தேன்? உயரம் இருந்தால் பிரஷர் கிடைக்கும் என்ற நினைப்பு. கணக்குப் போட்டிருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். 10 மீட்டர் உயரத் தண்ணீர் கிட்டத்தட்ட ஒரு பார் அழுத்தம் தரும். சொட்டுக் குழாய்க்கு அந்த அளவு வேண்டும். 4 அடி தருவது அதில் எட்டில் ஒரு பங்கு. ஒன்றுக்கும் உதவாது. எப்படியும் வெஞ்சுரிதான் உறிஞ்சப் போகிறது, அதற்கு டிரம் தரையில் இருந்தாலும் போதும். கரண்டு போனதும் சக்கையை லைனுக்குள் இறக்கிவிட்டதுதான் அந்த உயரம் செய்த ஒரே வேலை.

ஆடி மாசம் மச்சான் மகன் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்தான். ஓரிகன் பக்கம் வேலை. வந்தவன் ஸ்டாண்டைப் பார்த்ததும் சிரித்துவிட்டான். "மாமா, எங்க வீட்டு கராஜ்லயும் இதே மாதிரி ஒண்ணு வெச்சிருக்கேன். பீர் ஸ்டாண்ட்."

அங்கே வீட்டிலேயே பீர் காய்ச்சிக்கொள்ளலாமாம். 1978-ல் சட்டத்தைத் திருத்தி அனுமதித்திருக்கிறார்கள். இரண்டு பெரியவர்கள் இருக்கிற வீட்டுக்கு வருஷத்துக்கு 200 காலன், நம்ம கணக்கில் 750 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. விற்கத்தான் கூடாது. நம்ம ஊரில் செய்தால் போலீஸ் வரும், அது வேறு கதை. மூன்று பாத்திரம் வைத்த ஸ்டாண்டாம் அது. ஒன்றில் வெந்நீர், ஒன்றில் உடைத்த முளைத்தானியம் ஊறும், மூன்றாவதில் அந்தச் சாறு கொதிக்கும். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஓஸ் வழியாக இறங்க வேண்டும்.

"முதல்ல நானும் உங்கள மாதிரித்தான் மாமா. எல்லாத்தையும் செம்புக் குழாய்ல பத்த வெச்சு ஃபிக்ஸ் பண்ணிட்டேன். பார்க்க அவ்வளவு அழகு. மூணாவது தடவை காய்ச்சின பீர் பூராவும் புளிச்சுப் போச்சு. ஒரு டீக்குள்ள பழைய கசடு தங்கியிருக்கு, எனக்குத் தெரியவே இல்ல. அப்புறம் எல்லாத்தையும் அறுத்துப் போட்டுட்டு, கழட்டி மாட்டுற ஓஸ்ஸா மாத்திட்டேன். பீர் காய்ச்சுறவன் பாதி நேரம் பாத்திரம் கழுவுறவன்தான் மாமா. ஓடுற நாளை நெனச்சுக் குழாய் போடக்கூடாது, கழுவுற நாளை நெனச்சுப் போடணும்."

அவன் சொன்னதையும் அம்மா சொன்னதையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் இரண்டாவது ஸ்டாண்டை ஆரம்பித்தோம். இந்தத் தடவை ஒரு வேலை முதலில் செய்தேன். வீட்டம்மாவை ஸ்டாண்ட் நிற்கப் போகிற இடத்தில் நிற்கச் சொல்லி, முழங்கையை மடக்கி நீட்டச் சொல்லி, அந்த உயரத்தில் சுவரில் கரிக்கோடு போட்டேன். "கல்யாணத்துக்கு ரவிக்கை அளவு எடுத்த டெய்லரு கூட இவ்வளவு நேரம் எடுக்கல" என்றார். கோபம் குறைந்துவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது.

எப்படிப் போட்டோம் என்று சொல்கிறேன். மொட்டைமாடியில் நாலு தொட்டி வைத்துக் குழாய் போடுகிறவர்களுக்கும் இதில் பாதி உதவும்.

ஸ்டாண்டின் காலை ஒன்றரை அடிக்கு அறுத்தோம். முன்னால் ஓரடி உயரத்துக்குக் கல்திட்டு. அதில் ஏறி நின்றால் டிரம் விளிம்பு அவர் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும். கையைத் தூக்காமலே கலக்கலாம்.

டிரம்முக்கு இரண்டு வாய். அடிமட்டத்தில் பெரிதாக ஒன்று, அது கழுவி விடுவதற்கு மட்டும். அதற்கு நாலு இஞ்ச் மேலே இன்னொன்று, ஜீவாமிர்தம் எடுப்பதற்கு. சக்கை கீழே தங்கிவிடும், தெளிவு மட்டும் வரும். அது நேராக அரை டிரம்முக்குள் கொசுவலைப் பை வழியாக இறங்கும். இரண்டு மடிப்பு வலை. மூன்று தடவையாக இறக்கினால் ஒரு டிரம் காலி.

அரை டிரம்மிலிருந்து வெஞ்சுரிக்குப் போகிற ஓஸ்தான் முக்கியம். உறிஞ்சுகிற பக்கம் ஓட்டை இருந்தால் வெளியே ஒழுகாது, உள்ளே காற்றைத்தான் இழுக்கும். ஈரமே தெரியாது, உறிஞ்சல் மட்டும் நின்றுபோகும். அதனால் அந்தப் பக்கம் இணைப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. முன்னால் ஏழு இணைப்பு இருந்தது, இப்போது இரண்டு. சாதாரணத் தோட்டத்து ஓஸ் உறிஞ்சலில் சப்பிக்கொள்ளும், அதனால் உள்ளே சுருள் வைத்த கெட்டி ஓஸ். ஓஸ் நடுவில் மேடு ஏறினால் அங்கே காற்றுத் தங்கும். புளிக்கிற சரக்கு வாயுவையும் விடும், அதுவும் அங்கேதான் போய் உட்காரும். பள்ளம் விழுந்தால் அங்கே சக்கை தங்கும். அதனால் டிரம்மிலிருந்து வெஞ்சுரி வரை ஒரே ஏற்றம், சீராக, குட்டையாக. மோட்டார் அறைச் சுவரில் ஏற்றி இறக்கிய பாதையை விட்டுவிட்டுச் சுவரையே துளைத்து நேராக விட்டோம்.

வெஞ்சுரிக்கு முன்னால் திரும்பி வராத வால்வு, அதுதான் என்ஆர்வி, ஒன்று. இனி மெயின் தண்ணீர் டிரம்முக்கு ஏறாது. டிரம்மும் தாழ்வாக இருப்பதால் கரண்டு போனாலும் தானாக லைனுக்குள் இறங்காது. வெஞ்சுரியை ஃபில்டருக்கு முன்பக்கம் கொண்டு வந்துவிட்டேன். ஃபில்டர் அடைத்தால் அடைக்கட்டும், அதற்குத்தானே அதை வாங்கினோம். ஃபில்டருக்கு இரண்டு பக்கமும் பிரஷர் மீட்டர். இரண்டு முள்ளும் விலக விலக, கழுவும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

சொல்யூஷன் போட்டு ஒட்டியது எல்லாம் போச்சு. வால்வுக்கு இரண்டு பக்கமும் யூனியன். கையால் திருகினால் கழன்று வரும். டிரம்மின் வாயில், டேங்கர் லாரி ஓஸில் மாட்டுவார்களே, அந்த கேம்லாக். இரண்டு காதை மடக்கினால் மாட்டும், விரித்தால் கழலும். ஓஸ் முனையைக் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்தால் வெண்ணெய் மாதிரி நிப்பிளில் ஏறும். ஆறியதும் இறுகப் பிடித்துக்கொள்ளும், மேலே ஒரு கிளிப். டெஃப்லான் டேப்பை மரை திருகுகிற திசையிலேயே சுற்ற வேண்டும், எதிர்த்திசையில் சுற்றினால் மாட்டும்போது பிரிந்துவிடும். பித்தளை வால்வு வேண்டாம். கோமியத்தில் இருக்கிற அமோனியா பித்தளையை அரித்துவிடும். முன்னால் போட்ட ஒன்று பச்சை பிடித்துத் திருகவே முடியாமல் போயிருந்தது.

கடைசியில் வால்வு. ஆறு இருந்ததை மூன்றாக்கினோம். மூன்றும் கரிக்கோட்டு உயரத்தில், இடமிருந்து வலமாக, திறக்க வேண்டிய வரிசையிலேயே. பெயின்ட் அடிக்கலாம் என்றேன். "வெயில்ல போயிரும்" என்று சொல்லிவிட்டு, பழைய சேலைக் கிழிசலைக் கொண்டு வந்தார். முதலாவதில் மஞ்சள், இரண்டாவதில் பச்சை, மூன்றாவதில் சிவப்பு. கேட் வால்வு மூன்றே கால் சுற்றில் நிற்கும்படி தண்டில் ஒரு கோடு வெட்டினேன். என் கைக்குத் தெரிந்தது இப்போது இரும்பில் இருக்கிறது. ஜீவாமிர்தம் முடிந்ததும் இருபது நிமிஷம் வெறும் தண்ணீர் ஓட வேண்டும். அந்த ஒன்றைத்தான் வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

முதல் நாள் ஓட்டியது நானில்லை. நான் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. மஞ்சள், பச்சை, மோட்டார், சிவப்பு. ஓஸில் பழுப்புத் தண்ணீர் ஏறியது. நடுவில் ஒரு தடவை அவர் நின்று யோசித்தார். எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்று, என் தோளில் கையை வைத்து அழுத்தினார். அவரே யோசித்து, சிவப்பை இன்னும் கால் திருகு திருகினார். சரியாகிவிட்டது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். அந்தப் பதினொரு வரிசையில் தார் சிறுத்துத்தான் வந்தது, வியாபாரி தனியாக விலை வைத்தார். வீட்டம்மாவின் தோள் இன்னும் குளிர்காலத்தில் வலிக்கிறது. அந்த மூன்று நாள் வாளி இல்லாமல் இருந்திருந்தால் எவ்வளவு குணமாகியிருக்கும் என்பதை நான் நினைக்காத நாளில்லை. மன்னிப்புக் கேட்டேனா என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கம் அதற்குச் சரியான வார்த்தை கிடையாது. கால் அறுத்த ஸ்டாண்டுதான் இருக்கிறது.

தை மாசம் தாராபுரத்தில் ஒரு கல்யாணம். மூன்று நாள் போயிருந்தேன். ஜீவாமிர்தம் விடுகிற நாள் நடுவில் வந்தது. போன் வரும் வரும் என்று கையிலேயே வைத்திருந்தேன். வரவில்லை. பொறுக்க முடியாமல் சாயந்திரம் நானே கூப்பிட்டேன்.

"எதுக்குங்க கூப்பிட்டீங்க? மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருக்கேன்."

"இல்ல, சும்மாதான்."

திரும்பி வந்து பார்த்தால், கழுவுகிற ஓஸ் இடம் மாறியிருந்தது. நான் வடக்கே விட்டிருந்தேன். அது இப்போது கல்திட்டுக்கு அடியில் புகுந்து கிழக்கே போய், தென்னைப் பாத்தியில் விழுந்தது. புது யூனியன் ஒன்று போட்டு, டேப் சுற்றி, கிளிப் மாட்டி, சுத்தமான வேலை. கன்றுக்குட்டி வந்து ஓஸைக் கடித்துக்கொண்டே இருந்ததாம். கழுவித் தள்ளுகிற தண்ணீரும் வீணாகப் போகிறதே என்று பார்த்தாராம்.

அந்தப் பாதை நான் போட்டதைவிட நன்றாக இருக்கிறது. அப்படியே விட்டுவிட்டேன்.